வெளிநாடு போகும் ஓசூர்ப் பிள்ளைகளுக்கு: பீட்சாவை நாலாக வெட்டுங்கள்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

கெலவரப்பள்ளி அணைக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் இருக்கிற ஊர்களிலிருந்து, ஓசூர் சிப்காட் ஆலைகள் வழியாகப் பயிற்சிக்கென்றும் டெபுடேஷனென்றும் வெளிநாடு புறப்படுகிற உங்கள் எல்லாருக்கும் இந்த மடல். உங்களில் பலர் உங்கள் வீட்டிலேயே முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுத்தவர்கள். புறப்படுவதற்கு முன்னால் விசா, இன்சூரன்ஸ், குளிருக்கு என்ன உடுப்பு என்றெல்லாம் கம்பெனியில் சொல்லி அனுப்புவார்கள். ஷிப்ட் முடிந்த பிறகு சாயங்காலத்தை என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. நான் எழுதுவது அந்தச் சாயங்காலங்களைப் பற்றி. அவற்றில் நண்பர்களோடு பங்கிட்டுத் தின்ன வேண்டிய பீட்சாக்களைப் பற்றி.

நம் பிள்ளைகள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பெட்டியில் பாதி இடத்தைச் சின்ன ரைஸ் குக்கரும் புளியோதரைப் பொடியும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, சோறு வடித்துச் சாப்பிட்டு, வீட்டுக்கு வீடியோ காலில் பேசிவிட்டுப் படுப்பது. கொடுக்கிற படியில் மிச்சம் பிடித்து ஊரில் வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். தங்கை கல்யாணத்துக்குச் சேர்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். அந்தச் சேமிப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தினமும் அப்படியே இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அந்த ஊரில் தெரிந்தது ஆலையும் அறையும் நடுவில் ஒரு பஸ் பாதையும் மட்டும்தான். ஒருவருடைய பெயர்கூட ஞாபகம் இருக்காது. அது பெரிய நஷ்டம். வாரம் ஒரு சாயங்காலமாவது வெளியே போங்கள், சேர்ந்து போங்கள், தெரியாத ஒன்றைக் கேட்டு வாங்கிப் பங்கு போட்டுச் சாப்பிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

பீட்சாவை ஏன் சொல்கிறேன்? உலகத்தின் எந்தத் தொழில்நகரத்துக்கு அனுப்பினாலும் அது கிடைக்கும். விலை கைக்கு அடக்கம். வட்டமாக இருக்கிறது, வெட்டிப் பங்கிடலாம். இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஊர்விட்டு ஊர் வேலைக்குப் போனவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்த பண்டம் அது. உங்களைப் போன்றவர்கள்தான் அதை உலகத்துக்குக் கொடுத்தார்கள்.

சுவீடனில் பீட்சா நுழைந்த வாசல் ஓர் ஆலை. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, வெஸ்டெரோஸ் நகரத்தில் இருந்த ஆசெயா என்ற மின்கருவி ஆலைக்கு இத்தாலியிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்தார்கள். அவர்களுக்காக 1947 வாக்கில் ஆலை கேன்டீனில் போட்டதுதான் அந்த நாட்டின் முதல் பீட்சா என்று சொல்வார்கள். அந்த ஆசெயாதான் 1988-இல் சுவிட்சர்லாந்தின் பிரவுன் பொவேரியோடு இணைந்து ஏபிபி ஆனது. உங்கள் ஷாப் ஃப்ளோரில் ஏதோவொரு மோட்டாரிலோ ரோபோவிலோ அந்த மூன்று எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியில் முதல் பீட்சாக் கடை 1952-இல் வூர்ட்ஸ்புர்க் நகரத்தில் ஓர் இத்தாலியர் திறந்தது. ஆரம்பத்தில் அங்கே வந்து சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் ஊரை விட்டு வந்திருந்த அமெரிக்கச் சிப்பாய்கள்.

ஓசூருக்கு நெருக்கமான கதை டூரின் நகரத்தினுடையது. 1987-இல் இந்துஜா குழுமமும் இத்தாலியின் இவெகோவும் சேர்ந்து அசோக் லேலண்டின் வெளிநாட்டுப் பங்கை வாங்கின. இவெகோவுக்குத் தலைமையிடம் டூரின். இவெகோவின் தொழில்நுட்பத்தில் வந்த கார்கோ லாரி ஓசூர் ஆலையில்தான் உருவானது. டூரின் என்ற பெயர் அதற்குப் பிறகு இங்கே டீக்கடைப் பேச்சிலும் புழங்கியது. டூரின் ஃபியட்டின் ஊர். 1950களிலும் 60களிலும் இத்தாலியின் வறண்ட தெற்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் ரயிலேறி வடக்கே தொழில் நகரங்களுக்கு வந்தார்கள். டூரினில் இறங்கியவர்களில் ஏராளமானோர் ஃபியட் ஆலைகளைத் தேடி வந்தவர்கள். அந்த நகரத்துக்கென்று ஒரு பீட்சா உண்டு. சின்னச் சின்ன வட்டச் சட்டிகளில் மாவை வைத்து, அது சட்டியிலேயே உப்பியபின் அடுப்பில் வைக்கிறார்கள். அடி மொறுமொறுப்பாகவும் நடு பஞ்சாகவும் இருக்கும். பீட்சா பிறந்த நேப்பிள்ஸ் நகரத்துக்காரர் அதைப் பார்த்தால் பீட்சா என்று ஒப்புக்கொள்ள யோசிப்பார்.

பீட்சா வருவதற்கு முன்னால் டூரின்காரர்கள் கேட்டு வாங்குவது ஃபரினாத்தா. கடலைமாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். பெரிய தாம்பாளத்தில் மெல்லிசாக ஊற்றி விறகடுப்பில் சுட்டு, மேலே மிளகு தூவித் தருவார்கள். அங்கே போயிருந்த நான் முதன்முதலாக அதை வாயில் வைத்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேன்கனிக்கோட்டை நண்பர், "அண்ணா, இது நம்ம கடலைமாவுதானே!" என்று உரக்கச் சொல்லிவிட்டார். மேஜையில் இருந்த இத்தாலிய ஃபிட்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். எங்கள் வீடுகளில் அதே மாவில் என்னென்ன செய்வோம் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னோம். பல நாளாகக் 'காலை வணக்கம்' தவிர எங்களோடு பேசாத மனிதர் அவர். அன்று ராத்திரி காகிதக் கைத்துண்டில் படம் போட்டு, ஃபிக்ஸ்சரில் ஜாப் உட்காரும்போது வருகிற சின்ன ஆட்டத்துக்கு எங்கே ஷிம் வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். மேனுவலில் அது இல்லை. பகலில் ஆலையில் நாங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. கேட்க வேண்டும் என்று எங்களுக்கே தோன்றியிருக்காது.

இத்தாலியில் இருந்து ஜெனோவா பக்கத்து ஆட்கள் பிழைக்கப் போன இடமெல்லாம் அந்தக் கடலைமாவுத் துண்டும் போயிருக்கிறது. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் அதைப் பீட்சாவின் மேலேயே ஏற்றி வைத்து இரண்டையும் சேர்த்துக் கடிக்கிறார்கள்.

இனி, விசித்திரமான பீட்சா என்று நீங்கள் முகம் சுளிக்கப் போகிறவற்றுக்கு வருகிறேன்.

சுவீடனில் வாழைப்பழமும் மசாலாப் பொடியும் போட்ட பீட்சா உண்டு. சில கடைகளில் மேலே வேர்க்கடலையும் தூவுவார்கள். கூடவே காசில்லாமல் ஒரு கிண்ணம் வெள்ளைக் கோஸ் தருவார்கள். மெல்லிசாகச் சீவி, வினிகரும் எண்ணெயும் மிளகும் சேர்த்து ஊறவைத்தது. துருக்கியிலிருந்தும் யூகோஸ்லாவியாவிலிருந்தும் வந்து கடை போட்டவர்கள் கெபாப் கறியைப் பீட்சா மேல் ஏற்ற, இன்று அது சுவீடன்காரரின் சொந்தச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. ரோமில் பூசணி இனத்தைச் சேர்ந்த சுக்கினியின் மஞ்சள் பூவைச் சீஸோடும் நெத்திலி போன்ற உப்பு மீனோடும் வைத்துச் சுடுகிறார்கள். அதே ரோமில் பீட்சாவைப் பெரிய செவ்வகத் தட்டில் சுட்டு, கத்தரிக்கோலால் நறுக்கி, தராசில் நிறுத்து விற்கிற கடைகளும் உண்டு. நாலு பேர் நாலு வகையில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொள்ள அதைவிட வசதி கிடையாது. ஜப்பானில் மயோனைஸும் உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும், கொரியாவில் ஓரம் முழுக்கச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மசியலும். பின்லாந்தில் புகைபோட்ட கலைமான் கறி வைத்து ஒரு பீட்சா. அப்போதைய இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனி பின்லாந்துச் சாப்பாட்டை மட்டமாகப் பேசினார். அந்த நாட்டுக் கடைச் சங்கிலியொன்று கலைமான் பீட்சாவுக்கு அவர் பெயரையே வைத்து, 2008-இல் நியூயார்க்கில் நடந்த போட்டியில் முதல் பரிசு வாங்கிவிட்டது.

அன்னாசிப் பழம் போட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1962-இல் கனடாவின் சாத்தம் என்ற ஊரில் சாம் பனோபுலோஸ் என்ற கிரேக்கர் டப்பா அன்னாசியை எடுத்துப் போட்டுப் பார்த்ததில் பிறந்தது அது. கிரீஸில் பிறந்து, கப்பலேறி வந்து, கனடாவில் கடை போட்டு, ஹவாய்ப் பெயரில் ஒரு பண்டத்தை உலகத்துக்குக் கொடுத்த மனிதர். 2017-இல் ஐஸ்லாந்து ஜனாதிபதி ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு, தன்னால் முடிந்தால் பீட்சாவில் அன்னாசியைத் தடைசெய்வேன் என்று பதில் சொல்லப் போக, உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது.

எது சுத்தமான பீட்சா என்று சண்டை போடுகிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். தக்காளி இத்தாலியில் முளைத்ததா? தென்னமெரிக்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் 16-ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்தது அது. வந்த புதிதில் நெடுங்காலம் அதைத் தின்னவே பயந்தார்கள். குடைமிளகாயும் அன்னாசியும் அதே திசையிலிருந்து வந்தவைதான். ராயக்கோட்டை மண்டியில் கிரேட் கிரேட்டாக அடுக்கி லாரி ஏற்றுகிற நம் தக்காளியும், தளி பக்கத்துப் பசுமைக்குடில்களில் சிவப்பும் மஞ்சளுமாகக் காய்க்கிற குடைமிளகாயும் அப்படி வந்து நம்முடையதானவை. நேற்று வந்ததையெல்லாம் விரட்டினால் நேப்பிள்ஸிலும் தட்டில் வெறும் ரொட்டிதான் மிஞ்சும், கிருஷ்ணகிரியிலும் குழம்பில் புளித்தண்ணீர்தான் மிஞ்சும்.

அதற்காக நேப்பிள்ஸ்காரர்களின் கண்டிப்பைக் குறைத்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். 1984-இல் சங்கம் வைத்து, மாவு இப்படி, அடுப்பு இப்படி என்று எழுதிவைத்தார்கள். விறகடுப்பில் 485 டிகிரிக்குப் பக்கத்துச் சூட்டில் ஒரு நிமிஷத்திலிருந்து ஒன்றரை நிமிஷத்துக்குள் வெந்து வெளியே வர வேண்டும். 2017-இல் நேப்பிள்ஸ் பீட்சா சுடும் கலையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மிஷினில் மைக்ரான் பார்த்து வேலை செய்கிற உங்களுக்கு அந்தக் கண்டிப்பின் அருமை மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். இத்தாலிக்குப் போனால் முதல் நாள் தக்காளி, மொசரெல்லா, துளசி மட்டும் போட்ட மார்கெரிட்டாவைச் சாப்பிடுங்கள். மாவு எப்படி இருக்க வேண்டும் என்று நாக்குக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிடும். அதன்பிறகு பூவும் கிழங்கும் வாழைப்பழமும்.

பங்கிடுவதில் ஒரு சிக்கல் உண்டு, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இத்தாலியில் பீட்சாவைப் பங்கிட்டுத் தின்னும் வழக்கம் குறைவு. ஆளுக்கு ஒன்று முழுசாக வரும், வெட்டாமல் வரும், கத்தியும் முள்கரண்டியும் கொடுப்பார்கள். நாலு பேர் போய் உட்கார்ந்து இரண்டு பீட்சா கேட்டால், கூட்ட நேரத்தில் மேஜையை அடைத்துக்கொண்டதாகக் கடைக்காரர் வருத்தப்படுவார், அது நியாயமும்தான். ஆகவே நாலு பேர் போனால் நாலு வாங்குங்கள், நாலும் வேறு வேறாக. வந்தவுடன் ஒவ்வொன்றையும் நாலாக வெட்டித் தட்டுகளைச் சுற்றவிடுங்கள். சீக்கிரம் வெட்டுங்கள்; நேப்பிள்ஸ் வகையில் நடுப்பகுதி ஈரம், ஆறினால் தொய்ந்துவிடும். ஒரே காசுக்கு நாலு ருசி. இதைப் பார்த்து ஆரம்பத்தில் சிரித்த இத்தாலிய நண்பர்கள் அடுத்த வாரம் தாங்களே தட்டை நகர்த்தியதை நான் கண்டிருக்கிறேன். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் இதற்கென்றே கடைகள் உண்டு: ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, வகைவகையாகத் துண்டு போட்டுத் தட்டு தட்டாகச் சுற்றி வருவார்கள், போதும் என்று சொல்கிறவரை. வட இத்தாலியிலும் சில கடைகளில் அந்த முறை இருக்கிறது. கடை வாசலில் விசாரித்துப் பாருங்கள்.

அடுத்து நான் அழுத்திச் சொல்ல வேண்டியது. உங்கள் குழுவில் சைவர் இருப்பார், பன்றி தொடாதவர் இருப்பார், மாட்டுக்கறி தொடாதவர் இருப்பார், சனிக்கிழமை கறி சாப்பிடாதவர் இருப்பார். பங்கிடுவது என்ற பெயரில் ஒருவரையும் நெருக்காதீர்கள். "ஊர் விட்டு ஊர் வந்துட்டே, இன்னும் என்னப்பா?" என்று தோளைத் தட்டிக் கேட்பவன் நண்பன் இல்லை. சைவத் தட்டை முதலில் வெட்டுங்கள். அதே கத்தியை மற்றத் தட்டுக்கு எடுத்துப் போகலாம், அங்கிருந்து இங்கே திரும்பி வரக் கூடாது. சைவர்களுக்கு ஏற்ற பீட்சா ஒன்று இத்தாலியில் பெரும்பாலான கடைகளில் உண்டு: மரினாரா. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய். மீனும் இல்லை, சீஸும் இல்லை. சீஸை ஏன் சொல்கிறேன் என்றால், பார்மிஜானோ போன்ற இத்தாலியச் சீஸ்களில் பாலைத் திரிக்க வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த சரக்கு. கண்டிப்பான சைவர்கள் அதை அறிந்துதான் முடிவெடுக்க வேண்டும். யாரும் அவர்களுக்குச் சொல்லாமல் விடக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பரிலிருந்து, ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்கள் எந்தப் பண்டத்தில் இருக்கின்றன என்று ஓட்டல்கள் சொல்லியாக வேண்டும். பால், முட்டை, மீன், வேர்க்கடலை, எள், கடுகு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் மாடும் பன்றியும் அதில் இல்லை. அவற்றை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். வெட்கப்படாதீர்கள். கடைக்காரர்கள் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன எள்ளுருண்டையை அங்குள்ளவர்களுக்குக் கொடுக்கும்போது அதே மரியாதையைத் திருப்பிச் செய்யுங்கள்: இதில் எள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

காசு விஷயம் சுருக்கமாக. இத்தாலியில் பில்லில் ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ மேஜைக் காசு சேர்ந்து வரும். ஏமாற்று அல்ல, வழக்கம். தண்ணீரும் பாட்டிலாக வரும், அதற்கும் விலை உண்டு. ஒருவர் கொடுத்துவிட்டு மற்றவர்கள் மாதக் கடைசியில் கணக்குத் தீர்ப்பதானால் அன்றன்றைக்கே எழுதிவையுங்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய வறுமையில் நேப்பிள்ஸ் பெண்கள் வீட்டு வாசலில் எண்ணெயில் பொரித்த பீட்சா விற்றபோது, இன்று தின்றுவிட்டு எட்டு நாள் கழித்துக் காசு கொடு என்று கடன் கொடுத்தார்கள். ஏழைகளின் ஊர்களுக்கெல்லாம் அந்தக் கணக்குத் தெரியும். பீர் குடிக்காதவர் பீர் பங்கைக் கட்ட வேண்டியதில்லை என்பதையும் முதல் நாளே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். தங்கைகள் கூட வந்திருந்தால் எல்லாரும் சேர்ந்தே அறைக்குத் திரும்புங்கள்.

எந்தக் கடைக்குப் போவது என்று கேட்பீர்கள். அடுப்புப் பக்கம் எட்டிப் பாருங்கள். சில ஊர்களில் அங்கே நிற்பவர் நம் மொழி பேசுவார். 1980களில் தொடங்கிப் போருக்குத் தப்பி சுவிட்சர்லாந்துக்குப் போன ஈழத் தமிழர் பலர் ஓட்டல் அடுக்களை வழியாகத்தான் அந்த நாட்டுக்குள் வேலைக்கு நுழைந்தார்கள். பாத்திரம் கழுவத் தொடங்கி, பிறகு மாவு பிசைந்து, பீட்சா சுட்டு, இன்று கடைக்கே சொந்தக்காரர்களாக இருக்கிறவர்களும் உண்டு. சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்திலும் ஈழத் தமிழர் பெருங்கூட்டமாக வாழ்கிறார்கள். ஊரின் காவல் தெய்வமான புனித ரொசாலியாவின் மலைக்குகைக் கோயிலுக்கு அவர்களில் கிறிஸ்தவர்களும் போகிறார்கள், இந்துக்களும் நேர்த்தி வைத்து மலையேறுகிறார்கள். அந்த ஊரின் பீட்சா தடிமனான பஞ்சு ரொட்டி. மேலே வெங்காயமும் தக்காளியும் உப்பு மீனும் சீஸும் ரொட்டித் தூளும். அதை மூன்று சக்கர வண்டியில் வைத்து ஒலிபெருக்கியில் கூவி விற்கிறார்கள். வண்டி எது தெரியுமா? பியாஜியோ ஆப்பே. சிப்காட் சாலைகளில் தக்காளியும் தண்ணீர் கேனும் ஏற்றிப் போகிற அதே ஆப்பே. அங்கெல்லாம் போனால் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் வழியாகத் தெரிந்துகொள்கிற ஊர் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடைக்காது. அவர்களுக்கும் நம் பக்கத்துத் தமிழ் காதில் விழுவது ஒரு சந்தோஷம்.

அந்த மேஜைகளில் உங்களிடமும் கேட்பார்கள், உன் ஊர் எது என்று. பெங்களூர் பக்கம் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். கெலவரப்பள்ளியைச் சொல்லுங்கள். கர்நாடகத்தில் பிறக்கிற தென்பெண்ணை, தமிழ்நாட்டுக்குள் வந்து முதன்முதலில் தேங்குகிற அணை எங்களுடையது, அதன் இரண்டு கால்வாயில் ராகியும் காய்கறியும் பூவும் விளைகின்றன என்று சொல்லுங்கள். மேலே இருந்து கலக்கிற கழிவால் சில நாள்களில் மதகுக்குக் கீழே வெள்ளை நுரை மலைபோல் எழும்புவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொந்த ஊர் ஆற்றைக் கழிவிலிருந்து மீட்டெடுத்த மனிதர்கள் ஜெர்மனியின் தொழில்நகரங்களில் இருக்கிறார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். எனக்கு அதில் மிகுந்த ஆசை உண்டு.

இன்னொன்றும் என் மனதில் கிடக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பிஹாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து மூக்கண்டப்பள்ளியிலும் பேகேப்பள்ளியிலும் ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கி வேலை பார்க்கிற பிள்ளைகள், நீங்கள் வெஸ்டெரோஸிலோ டூரினிலோ இருக்கிற மாதிரியேதான் இங்கே இருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து, அறைக்குப் போய், சொந்தச் சோறு வடித்து, போனில் பேசிவிட்டுப் படுக்கிறார்கள். அவர்களுடைய கேன்டீன் மேஜையில் நம் ஆட்கள் உட்காருவது குறைவு. 1996-இல் பெங்களூரில் பீட்சா ஹட் திறந்தபோது, ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக பஸ் பிடித்துப் போய், நாலு பேர் காசு சேர்த்து ஒரே ஒரு பீட்சா வாங்கிப் பங்கிட்ட தலைமுறை நாங்கள். இன்றைக்கு ஓசூரிலேயே கடைகள் வந்துவிட்டன. ஊர் திரும்பியதும், உங்கள் லைனில் நிற்கிற ஒடிசாத் தம்பியையும் அசாம் தங்கையையும் ஒரு சாயங்காலம் கூட்டிப் போங்கள். அவர்கள் ஊரில் என்ன சாப்பிடுவார்கள் என்று கேளுங்கள். வீட்டுக்கு அழைத்து ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டால் இன்னும் நல்லது.

இந்த மாதம் புறப்படுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமைச் சாயங்காலத்தைக் காலியாக வையுங்கள். உங்கள் மிஷினுக்குப் பக்கத்து மிஷினில் நிற்கிற அந்த ஊர்க்காரரிடம் போய், சின்ன வயதில் எந்தப் பீட்சா சாப்பிட்டீர்கள், அது எந்தக் கடையில் கிடைக்கும், எங்களோடு வருகிறீர்களா என்று கேளுங்கள். அறையில் தனியாக இருக்கிறவர், எந்தக் கம்பெனிக்காரராக இருந்தாலும், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், அவர் கதவையும் தட்டிக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
சிப்காட்டில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற உங்கள் அண்ணன்,
கெலவரப்பள்ளி.